தூக்கமின்மை என்று எழுதுவதற்கு முன்: பொது மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

"இரவில் தூக்கம் வருவதில்லை, காலையில் எழுந்திருக்க முடிவதில்லை" என்று சொல்லி உங்கள் முன்னால் வந்து அமர்கிறவர்களில் ஒரு பகுதியினருக்குத் தூக்கமின்மை நோய் இல்லை. அவர்களுடைய உடலுக்குத் தூங்கத் தெரியும். ஆழமாகவும் போதுமான அளவும் தூங்கத் தெரியும். அந்தத் தூக்கம் தொடங்கும் வேளைதான் மற்றவர்களுடைய வேளையைவிட இரண்டு மணி நேரமோ, சிலருக்கு நான்கைந்து மணி நேரமோ பிந்தியிருக்கிறது. இத்தகையவர்களைத் தூக்கமின்மைக் கணக்கில் சேர்த்து மாத்திரை எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள் என்று வேண்டிக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். "காலையில் எழுந்து எங்கும் போகவேண்டிய கட்டாயம் இல்லாத நாட்களில் எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுவீர்கள், அப்போது தூக்கம் எப்படி இருக்கிறது?" என்பதே அந்தக் கேள்வி. "பின்னிரவு மூன்று மணிக்குப் படுத்தால் உடனே தூங்கிவிடுவேன், பதினொரு மணிக்குத் தெளிவாக எழுவேன்" என்று ஒருவர் விடை சொன்னால், அவருடைய குறை தூக்கத்தில் இல்லை, தூக்கத்தின் வேளையில் இருக்கிறது. இரண்டுக்கும் மருத்துவம் வேறு வேறு. இந்த வேளைக்கோளாறுக்குத் தாமத உறக்க-விழிப்புக் கட்டக் கோளாறு என்று பெயர்.

நான் மருத்துவர் இல்லை. பின்னிரவுக்கு முன் கண் அயராத உடலோடு வளர்ந்தவள். என் தாயாருக்கும் அதே உடல்தான் வாய்த்திருந்தது. அதனால் இத்துறையின் ஆய்வுகளைப் பல ஆண்டுகளாகத் தேடிப் படித்து வருகிறேன். கீழே எழுதியிருப்பவற்றில் பெரும்பகுதி நீங்கள் படித்த உடலியங்கியல்தான் என்பதை அறிவேன். ஆனால் ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்களே ஒதுக்க முடிகிற வெளிநோயாளர் பிரிவில், அந்த அறிவு நினைவுக்கு வருவதற்குள் மருந்துச்சீட்டு எழுதி முடிந்துவிடுகிறது. அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2017இல் 'செல்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. நியூயார்க்கில் உள்ள ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் யங், அலினா பாட்கே ஆகியோரின் குழு அதை எழுதியது. நெடுங்காலமாகப் பிந்தித் தூங்கும் பழக்கத்தால் துன்பப்பட்ட நடுத்தர வயதுப் பெண் ஒருவரை, கடிகாரமோ சூரிய வெளிச்சமோ நேரத்தை உணர்த்தும் வேறு எந்தக் குறிப்போ இல்லாத ஆய்வகக் குடியிருப்பில் அவர்கள் தங்கவைத்தார்கள். வெளியுலகின் தூண்டுதல் இல்லாதபோது அவருடைய உடல் தன் போக்கில் ஒரு நாளை எவ்வளவு நீளமாக ஓட்டுகிறது என்று அளந்தார்கள். ஏறத்தாழ 24.5 மணி நேரம் என்று தெரிந்தது. 1999இல் சார்லஸ் சீஸ்லர் குழு அளந்து சொன்ன இயல்பான மனித சராசரி 24 மணி 11 நிமிடம்.

பிறகு அந்தப் பெண்ணின் மரபணுக்களைப் படித்துப் பார்த்தபோது, 12ஆம் குரோமோசோமில் உள்ள கிரை1 என்னும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அடினின் இருக்கவேண்டிய ஓரிடத்தில் சைட்டோசின் இருந்தது. அந்த இடம் புரதத்தின் எந்த அமினோ அமிலத்தையும் நேரடியாகக் குறிப்பதில்லை. மரபணுவின் துண்டுகளை வெட்டி ஒட்டும் வேலைக்கு எல்லை காட்டும் இடம் அது. எல்லை பிறழ்ந்ததால் பதினொன்றாவது துண்டு முழுவதும் விடுபட்டுப்போய், புரதம் 24 அமினோ அமிலங்கள் குறைந்து உருவாகியிருந்தது. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பிரதி வந்தாலே போதும், விளைவு தெரிந்துவிடும். ஓங்கு மரபாகக் கடத்தப்படும் மாற்றம் இது. ஆகவே தலைமுறை தோறும், குடும்பத்தில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இதைக் காண நேரலாம்.

அந்த 24 அமினோ அமிலங்கள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லவேண்டும், ஏனெனில் இந்த மடலின் வேர் அங்கேதான் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஓர் இணைத் தொகுதி உடலின் தலைமைக் கடிகாரமாக இயங்குகிறது. அதன் ஒவ்வோர் அணுவிலும் கிளாக், பிமால்1 என்னும் இரு புரதங்கள் கைகோத்து டிஎன்ஏவின் மீது அமர்ந்து பெர், கிரை ஆகிய மரபணுக்களை இயக்கிவிடுகின்றன. அவற்றிலிருந்து உருவாகும் பெர் புரதமும் கிரை புரதமும் மெல்லச் சேர்ந்து, உட்கருவுக்குள் திரும்பி வந்து, தங்களை உருவாக்கிய கிளாக்-பிமால்1 இணையையே தடுத்துவிடுகின்றன. காலம் செல்லச் செல்ல இந்தத் தடுப்புப் புரதங்கள் சிதைக்கப்படுகின்றன, தடை நீங்குகிறது, சுற்று மறுபடியும் தொடங்குகிறது. இந்த ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம்தான் நம் உடலின் ஒரு நாள். கிரை1 புரதத்திலிருந்து அந்த 24 அமினோ அமிலங்கள் நீங்கும்போது, அது கிளாக்-பிமால்1 இணையை முன்னைவிட இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது, உட்கருவிலும் கூடுதலாகத் தங்குகிறது. தடை நீங்கப் பொழுது அதிகமாகிறது. நாள் நீள்கிறது. இதில் மன உறுதிக்கோ சோம்பலுக்கோ இடம் எங்கே இருக்கிறது?

24 மணி 11 நிமிடத்துக்கும் 24.5 மணி நேரத்துக்கும் இடையே இருபது நிமிடத்துக்கும் குறைவான வேறுபாடுதானே, அதற்காக ஒருவர் இரண்டு மூன்று மணி நேரம் பிந்தித் தூங்குவாரா என்ற ஐயம் எழுவது இயல்பு. உடல் கடிகாரம் நாள்தோறும் வெளிச்சத்தைக் கொண்டு தன்னை 24 மணிக்குச் சரிசெய்துகொள்கிறது. சராசரி மனிதருக்கு ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 11 நிமிடம் முன்னிழுத்தால் போதும். கிரை1 மாற்றம் உள்ளவருக்கு அரை மணி நேரம் முன்னிழுக்கவேண்டும். அவ்வளவு வலுவான இழுப்பை வெளிச்சம் தரவேண்டுமானால், அவருடைய உடல் உணரும் இரவின் இறுதிக்கட்டம் காலை வெளிச்சத்துக்குள் நீண்டு கிடக்கவேண்டும். ஆகவே கடிகாரம் நிலைகொள்ளும் இடமே பிந்திப்போகிறது. அங்கே நிலைகொண்ட பிறகு நாள்தோறும் அதே பிந்திய வேளையில் தூக்கம் வருகிறது. கட்டுப்பாடில்லாமல் இரவைக் கழிப்பவரின் தூக்கம் ஒருநாள் பன்னிரண்டுக்கும் மறுநாள் ஐந்துக்குமாக அலையும். இவர்களுடைய தூக்கமோ பெரும்பாலும் ஒழுங்கானது, பிந்திய ஒழுங்கு. நோயாளியின் தூக்க நாட்குறிப்பைக் கையில் வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது இந்த ஒழுங்கைத்தான்.

யங் குழு ஒரு நோயாளியோடு நின்றுவிடவில்லை. துருக்கியைச் சேர்ந்த ஆறு குடும்பங்களில் இந்த மாற்றம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டார்கள். மாற்றம் இல்லாத உறவினர்களின் தூக்கத்தின் நடுப்புள்ளி ஏறத்தாழ அதிகாலை 4 மணியாக இருந்தது. மாற்றம் உள்ளவர்களுக்கு அது காலை 6 முதல் 8 மணி வரை தள்ளிப்போயிருந்தது. என்னைப் பொறுத்தவரை அந்தக் கட்டுரையின் மிக வலுவான பகுதி இதுதான். இவர்கள் ஒரே குடும்பத்தார், ஒரே வளர்ப்பு முறையில் வளர்ந்தவர்கள். எழுத்து மாறியிருக்கிறதா இல்லையா என்பதை ஒட்டியே அவர்களுடைய தூக்க வேளை இருகூறாகப் பிரிந்திருக்கிறது. ஐரோப்பிய வம்சாவளியினரின் மரபணுத் தரவுகளைத் தேடியபோது, ஏறத்தாழ 75 பேரில் ஒருவர் வரை இந்த மாற்றத்தைச் சுமக்கக்கூடும் என்றும் கணக்கிட்டார்கள். இந்த விகிதம் எல்லா மக்களுக்கும் ஒன்றாக இருக்காது. ஆனாலும் அரிதினும் அரிதான ஒரு நோய்க்கு உரிய எண் அல்ல அது.

இதே துறையின் இன்னொரு கண்டுபிடிப்பையும் இங்கே நினைவுபடுத்தவேண்டும். 1971இல் ரொனால்டு கொனோப்காவும் சீமோர் பென்சரும் பழ ஈக்களில் ஒரே மரபணுவின் மூன்று மாற்றங்களைக் கண்டார்கள்: ஒன்றில் நாள் 19 மணி நேரமாகச் சுருங்கியது, இன்னொன்றில் 28 மணி நேரமாக நீண்டது, மூன்றாவதில் ஒழுங்கே இல்லாமல் போனது. அந்தப் பீரியட் மரபணுவை 1984இல் பிரித்தெடுத்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோர், உயிர்க்கடிகாரம் இயங்கும் முறையைக் கண்டறிந்ததற்காக 2017இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதரிடம் அதன் உறவு மரபணுவான பெர்2இல், 662ஆவது இடத்தில் செரினுக்குப் பதிலாகக் கிளைசின் வந்த ஒரு குடும்பத்தை லூயி டாச்செக், யிங்-ஹுய் ஃபூ ஆகியோரின் குழு 2001இல் விவரித்தது. அவர்கள் மாலை ஏழரை மணிவாக்கில் தூங்கி விடியலுக்கு வெகு முன்னரே விழித்துவிடுகிறவர்கள். அதற்கு முன்னர் 1999இல் வெளிவந்த ஆய்வில், முந்தித் தூங்கும் இத்தகைய குடும்பத்தில் ஒருவருடைய உடல் நாள் 23.3 மணி நேரம் என்று அளக்கப்பட்டிருந்தது.

முந்தித் தூங்குகிறவரும் பிந்தித் தூங்குகிறவரும் ஒரே சுற்றின் இரு வேறு பழுதுகள். ஆனால் உலகம் அவர்களை ஒன்றாக நடத்துவதில்லை. விடியலுக்கு முன் எழுகிறவரை ஒழுக்கமானவர் என்று புகழ்கிறார்கள். காலை பத்து மணிக்கு எழுகிறவரை, அவர் ஏழு மணி நேரம்தான் தூங்கியிருந்தாலும், சோம்பேறி என்கிறார்கள். புரதத்தின் ஒரு முனை குறைந்து போனதற்காகக் குழந்தைப் பருவத்திலிருந்து ஏச்சுக் கேட்டு வளர்ந்த ஒருவர், உங்கள் அறைக்குள் நுழையும்போதே தன் மீது குற்றம் சுமத்தப்போகிறார்கள் என்ற எண்ணத்தோடுதான் நுழைகிறார். "சீக்கிரம் படுத்துப் பாருங்கள்" என்ற அறிவுரை அவருக்குப் புதிதல்ல. பத்து மணிக்கே விளக்கை அணைத்துவிட்டுப் பல மணி நேரம் இருட்டில் விழித்துக் கிடந்து பழகியவர் அவர். அப்படிக் கிடப்பதே காலப்போக்கில் படுக்கையைக் கண்டால் அச்சமும் பதற்றமும் வருகிற உண்மையான தூக்கமின்மையை வேளைக்கோளாறின் மேல் ஏற்றிவிடுகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தபின் பிரித்தறிவது கடினம். முதல் சந்திப்பிலேயே கேட்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

"எல்லாம் கைப்பேசியால் வந்த வினை" என்று நீங்கள் சொல்லக்கூடும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2013இல் கென்னத் ரைட் குழு, சிலரை ஒரு வாரம் ராக்கி மலைப்பகுதியில் மின்விளக்கு இல்லாமல் கூடாரத்தில் தங்கவைத்தபோது, இரவு வந்ததை உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் என்னும் ஹார்மோனின் சுழற்சி அவர்களிடம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னுக்கு வந்தது. பகலில் மங்கிய அறைக்குள்ளும் இரவில் பிரகாசமான விளக்கின் கீழும் வாழும் வாழ்க்கை எல்லோரையும் பிந்தவைக்கிறது. ஆனால் பிந்தித் தூங்கும் கோளாறை எலியட் வைட்ஸ்மேனும் அவருடைய கூட்டாளிகளும் தனி நோயாகப் பிரித்து விவரித்தது 1981இல். அப்போது யார் கையில் திரை இருந்தது? இரவு வெளிச்சம் யாரையும் கொஞ்சம் தள்ளும். உடல் நாள் நீண்டவரை அது இன்னும் எளிதாக, இன்னும் தொலைவாகத் தள்ளும். ஆகவே திரையைக் குறைக்கச் சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். அதோடு மருத்துவம் முடிந்துவிட்டதாக எண்ணவேண்டாம்.

இனி, நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும் கேடு செய்யக்கூடிய ஓர் அறிவுரையைப் பற்றி விரிவாக எழுத விரும்புகிறேன். "காலை ஆறு மணிக்கு எழுந்து வெயிலில் நடங்கள், சரியாகிவிடும்" என்பதே அது. வெளிச்சம் கடிகாரத்தை எந்தப் பக்கம் தள்ளும் என்பது சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் பொறுத்ததல்ல. உடலின் உள்நேரத்தைப் பொறுத்தது. உடல் வெப்பம் மிகக் குறைந்திருக்கும் வேளை ஒன்று உண்டு; ஒருவர் தானாக விழிக்கும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் அது வருகிறது. அந்த வேளைக்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னிழுக்கிறது. அதற்கு முன்னால் படும் வெளிச்சம் பின்தள்ளுகிறது. இரவு பதினொன்றுக்குத் தூங்கிக் காலை ஏழுக்கு எழுகிறவருக்கு அந்த வேளை ஏறத்தாழ நான்கரை மணி. ஆறு மணி வெயில் அவருக்கு நன்மை செய்யும். பின்னிரவு நான்கு மணிக்குத் தூங்கி நண்பகலில் எழுகிறவருக்கோ அந்த வேளை காலை ஒன்பதரை மணிவாக்கில்தான் வருகிறது. அவரை ஆறு மணிக்கு எழுப்பி வெயிலில் நிறுத்தினால், அவருடைய உடலுக்கு அது மாலை வெளிச்சத்தின் வேலையைச் செய்கிறது; கடிகாரம் இன்னும் பிந்துகிறது. சொன்னபடி எல்லாம் செய்தும் நோய் கூடிக்கொண்டே போவதைக் கண்டு அவர் மனமுடைந்துபோவார். நீங்களோ, அவர் உங்கள் அறிவுரையைப் பின்பற்றவில்லை என்று நினைப்பீர்கள். இருவர் மீதும் தவறில்லை, கணக்கில் தவறு.

சரியான வழி, அவர் தானாக விழிக்கும் நேரத்தில் தொடங்குவது. விழித்தவுடன் நல்ல வெளிச்சம். சில நாட்களுக்கு ஒருமுறை விழிக்கும் நேரத்தைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவந்து, வெளிச்சத்தையும் அதனோடு நகர்த்துவது. படுக்கைக்கு முந்திய சில மணி நேரம் விளக்குகளை மங்கவைப்பது. வாரம் முழுவதும் முன்னிழுத்ததை விடுமுறை நாளின் நீண்ட தூக்கம் மீண்டும் பின்தள்ளிவிடும் என்பதையும் சொல்லவேண்டும். இது பொறுமை கேட்கும் வேலை. விட்டுவிட்டால் கடிகாரம் தன் பழைய இடத்துக்கே திரும்பிப்போகும், ஏனெனில் மரபணுவில் பிறழ்ந்த அந்த எழுத்து திருந்திவிடவில்லை. ஆகவே நீரிழிவைப் போல இதையும் நாள்தோறும் பேணவேண்டிய ஒரு நிலையாகவே கருதி நோயாளிக்கு விளக்குங்கள்.

தூக்க மாத்திரையைப் பற்றி ஒரு சொல். அது மயக்கத்தைத் தரலாம். கடிகாரத்தை நகர்த்துவதற்காக உருவாக்கப்பட்டதல்ல. 2015இல் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட வழிகாட்டி, இந்தக் கோளாறுக்கு வேளையறிந்து கொடுக்கும் மெலடோனினைப் பரிந்துரைத்தது. வழக்கமான தூக்க மருந்துகளைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இருப்பதாக அது கருதவில்லை. மெலடோனினிலும் அளவைவிட வேளைதான் பெரிது. 2018இல் 'பிளாஸ் மெடிசின்' இதழில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், விரும்பிய படுக்கை நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வெறும் 0.5 மில்லிகிராம் மெலடோனின் கொடுத்து, படுக்கை நேரத்தையும் ஒழுங்குபடுத்தியபோது, மருந்துப்பொருளே இல்லாத ஒப்பீட்டு மருந்து பெற்றவர்களைவிடச் சராசரியாக 34 நிமிடம் முன்னதாகத் தூக்கம் தொடங்கியது. இது மாயமன்று, சிறிய முன்னேற்றம்தான். ஆனால் காலையில் வேலைக்குப் போகவேண்டியவருக்கு வாரத்தின் ஒவ்வோர் இரவும் கிடைக்கும் அரை மணி நேரம் பெரிய கொடை. அதே மெலடோனினைப் பின்னிரவு விழிப்பின் நடுவே, தூக்கம் வரவில்லையே என்று விழுங்குகிறவர் இந்த முன்னிழுப்பை இழந்துவிடுகிறார். எப்போது விழுங்கவேண்டும் என்பதை மருந்துச்சீட்டில் மணிக்கணக்கோடு எழுதுங்கள். "இரவில் ஒன்று" என்று மட்டும் எழுதாதீர்கள்.

இவ்வளவு சொன்னதால் ஒவ்வொருவருக்கும் மரபணுச் சோதனை செய்யவேண்டும் என்று நான் கேட்பதாக எண்ணவேண்டாம். பிந்தித் தூங்குகிறவர்களில் பெரும்பாலோரிடம் இந்தக் கிரை1 மாற்றம் இருக்காது. 2019இல் ஏறத்தாழ ஏழு லட்சம் பேருடைய தரவுகளை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு, காலை விருப்பம் உள்ளவர்களையும் மாலை விருப்பம் உள்ளவர்களையும் வேறுபடுத்தும் 351 மரபணு இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. கிளாக் மரபணுவிலும் பெர்3 மரபணுவிலும் முன்பு பெரிதாகப் பேசப்பட்ட சில வேறுபாடுகள், பின்னர் வந்த ஆய்வுகளில் ஒரே மாதிரியாக நிலைத்து நிற்கவில்லை. எச்சிலை அனுப்பினால் "நீங்கள் ஆந்தையா, வானம்பாடியா" என்று சொல்வதாக விற்கப்படும் சோதனைகளை நான் நம்புவதில்லை, யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன். மாற்றம் இல்லை என்று சோதனை சொன்னாலும் நோயாளியின் கடிகாரம் முன்னுக்கு வந்துவிடாது. மாற்றம் உண்டு என்று சொன்னாலும் இன்றைக்கு அந்த எழுத்தைத் திருத்தும் மருந்து இல்லை. உங்கள் சிகிச்சை இரண்டு நிலையிலும் ஒன்றேதான்.

அப்படியானால் கிரை1ஐப் பற்றி ஏன் இவ்வளவு எழுதவேண்டும்? தூக்கத்தின் வேளை உடலின் பண்பு, குணத்தின் பண்பு அல்ல என்பதை மறுக்க இடமில்லாமல் அது காட்டிவிட்டது. ஒரு குடும்பத்தில், ஒரு மரபணுவில், ஓர் எழுத்தில் அதை நிறுவிய பிறகு, சிறிய சிறிய வேறுபாடுகள் பல சேர்ந்து அதே விளைவைத் தரும் மற்றவர்களையும் அதே மதிப்போடு நடத்தவேண்டிய கடமை நமக்கு வந்துவிடுகிறது. குடும்ப வரலாற்றைக் கேளுங்கள் என்று நான் சொல்வதும் இதற்காகவே. "உங்கள் பெற்றோரிலோ உடன்பிறந்தவர்களிலோ இப்படித் தூங்குகிறவர் உண்டா?" என்று ஒரு மருத்துவர் கேட்ட அந்தக் கணத்தில்தான், தன்னுடைய துன்பம் தன்னுடைய குற்றமில்லையோ என்ற எண்ணம் பலருக்கு முதன்முறையாகத் தோன்றுகிறது. நான் என் தாயாரைப் புரிந்துகொண்டதும் அத்தகைய ஒரு கேள்விக்குப் பிறகுதான். வாழ்நாள் முழுவதும் அவர் தன்னைத் திட்டிக்கொண்டே எழுந்தவர்.

வளரிளம் பருவத்தினரைச் சற்றுத் தனியாகக் கவனிக்கவேண்டியிருக்கிறது. பூப்பெய்தும் காலத்திலிருந்து தூக்க வேளை எல்லோருக்கும் இயல்பாகவே பிந்திக்கொண்டே போய், ஏறத்தாழ இருபது வயதில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல முன்னுக்குத் திரும்புகிறது என்பதைத் தில் ரோனபர்க் குழு 2004இல் காட்டியது. ஆகவே பதினாறு வயதுப் பிள்ளை இரவு ஒரு மணிக்குத் தூங்குவதைக் கொண்டு மட்டும் கோளாறு என்று முடிவுசெய்ய இயலாது. ஒழுங்கீனம் என்று முடிவுசெய்யவும் கூடாது. பெற்றோர் அருகில் அமர்ந்து புகார் சொல்லும்போது, இந்த இயல்பை அவர்களுக்கு விளக்கிச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் இல்லை. உங்கள் சொல்லைக் கேட்பார்கள்.

மனச்சோர்வோடு இது குழம்புவதையும் குறிப்பிடவேண்டும். காலையில் எழ முடியாமை, பகலில் களைப்பு, கவனக்குறைவு, வேலையில் பின்னடைவு ஆகியவற்றைக் கேட்டவுடன் மனச்சோர்வு நினைவுக்கு வருவது சரியே, பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் தன் வேளையில் தூங்க விட்டால் இந்தக் குறிகளில் பல தணிகின்றனவா என்று பாருங்கள். மறுமுனையில், பெர்2 குடும்பத்தைப் போல முந்தித் தூங்குகிறவர் பின்னிரவு மூன்று மணிக்கு விழிப்பதை, மனச்சோர்வின் அதிகாலை விழிப்பு என்று எண்ணிவிட வாய்ப்பு உண்டு. அவர் எத்தனை மணிக்குத் தூங்கினார் என்று கேட்டால் ஐயம் தீர்ந்துவிடும். 2020இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, இதே கிரை1 மாற்றத்தைக் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறோடும் தொடர்புபடுத்தியது. எனவே கவனக்குறைவுக்காக வருகிறவரிடமும் தூக்க வேளையைக் கேட்பது வீணாகாது.

நடைமுறையில் நான் கேட்பவை கடினமானவை அல்ல. முதல் சந்திப்பில் அந்த ஒரு கேள்வி. விடை ஐயத்தைத் தந்தால், வேலை நாட்களையும் விடுமுறை நாட்களையும் உள்ளடக்கிக் குறைந்தது 7 நாட்கள், இயன்றால் 14 நாட்கள் தூக்க நாட்குறிப்பு. படுத்த நேரம், தூங்கிய நேரம், விழித்த நேரம், எழுந்த நேரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிவரச் சொன்னால் போதும். மணிக்கட்டில் கட்டும் அசைவுப் பதிவுக் கருவி கிடைத்தால் அதையும் பயன்படுத்துங்கள், கிடைக்கவில்லை என்பதற்காகக் காத்திருக்கவேண்டாம். இந்தத் துன்பம் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்திருக்கிறதா, தன் வேளையில் தூங்கும்போது தூக்கம் சீராக இருக்கிறதா என்பவற்றைப் பார்த்தால் பெரும்பாலும் படம் தெளிந்துவிடும்.

தெளிந்தபின், அதை அதன் பெயரால் எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்னும் நோய் வகைப்பாட்டில் தாமத உறக்க-விழிப்புக் கட்டக் கோளாறுக்கு 7ஏ60 என்னும் குறியீடு இருக்கிறது. தூக்கமின்மை என்று எழுதப்பட்ட தாள், நோயாளிக்கு மாத்திரையைத் தவிர வேறு எதையும் பெற்றுத் தருவதில்லை. இந்தக் குறியீட்டோடு எழுதப்பட்ட தாளை அவர் பணியிடத்திலும் கல்லூரியிலும் காட்டி, பிந்திய வேலை முறையையோ பிந்திய தேர்வு வேளையையோ கோரமுடியும். சிகிச்சை எல்லோரிடமும் முழுப்பயன் தருவதில்லை. சிலருக்குக் கடிகாரம் ஓரளவுக்கு மேல் முன்னுக்கு வராது. அவர்களுக்கு உண்மையான மருந்து, அவர்களுடைய உடலுக்கு ஏற்ற வேளையில் வேலை செய்ய அனுமதிக்கும் ஒரு ஏற்பாடுதான். நோயாளி தானாகக் கேட்டால் அது சலுகை கோருவதாகவே பார்க்கப்படுகிறது. உங்கள் கையொப்பத்தோடு கேட்டால் மருத்துவத் தேவையாக ஏற்கப்படுகிறது. ஆகவே அந்த மூன்று நான்கு வரிச் சான்றிதழை அவர் கேட்கும்வரை காத்திராமல், நாட்குறிப்பைப் பார்த்து முடிவுசெய்த அன்றே எழுதிக் கொடுங்கள். கேட்கும் துணிவு அவர்களில் பலருக்கு இருப்பதில்லை.

மிகுந்த மதிப்புடனும் எதிர்பார்ப்புடனும்,

பின்னிரவில் தூங்கும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவள்